டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தன, பில்லிங் மட்டும் ஓடவில்லை

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு, கம்ப்யூட்டர்களை இணைக்கும் லேன் கேபிள் இழுத்தபோது நடந்தது. அதற்குள் இரண்டிரண்டாக முறுக்கிய எட்டுக் கம்பிகள், அதாவது நான்கு ஜோடிகள் இருக்கும். கீழே இருக்கும் நெட்வொர்க் சுவிட்சிலிருந்து (கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி) மாடி குடோனின் பில்லிங் கம்ப்யூட்டர் வரை 40 மீட்டர் இருக்கும். இரண்டு முனையிலும் பிளக்கை அழுத்திப் பொருத்தி (கிரிம்ப் செய்து), கம்பிகளைச் சோதிக்கும் டெஸ்டரில் மாட்டினேன். 1 முதல் 8 வரை வரிசையாகப் பச்சை விளக்கு. சரி, முடிந்தது என்று கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே கணக்கு பார்க்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, பில்லைத் திறந்தா சுத்திக்கிட்டே இருக்கு." போய்ப் பார்த்தால் பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க அனுப்பும் சின்னச் செய்தி) போகிறது, பெரிய ஃபைலை காப்பி செய்தால் பாதியில் நிற்கிறது. சுவிட்சில் போர்ட் மாற்றினேன், லேன் கார்டு மாற்றினேன். ஒன்றும் நகரவில்லை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணனை வரவழைத்தேன். அவர் டெஸ்டரைத் தொடவே இல்லை. பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே தெரிந்த நிறங்களைப் பார்த்தார். "மூணாவது கம்பி வெள்ளைப் பச்சை, ஆறாவது நீலமா? மூணும் ஆறும் ஒரே ஜோடியில வரணும்டா."

ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக அடுத்தடுத்து வைத்திருந்தேன். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சின்னக் கேபிளில் அப்படியே ஓடியும் இருக்கிறது. ஆனால் ஒரு சிக்னல் ஒன்றாக முறுக்கிய இரண்டு கம்பிகளில் போனால்தான் பக்கத்து ஜோடியின் இரைச்சல் அதில் ஏறாது. கம்பி அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சாதாரண டெஸ்டருக்கு ஜோடி பிரிந்தது தெரியாது.

இரண்டு பிளக்கையும் வெட்டிவிட்டு டி568பி என்ற நிலையான நிற வரிசையில் அடித்தோம்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க அண்ணன் விடவில்லை. அக்கா தொட்டதும் பில் திறந்தது.

*

இதே வேலை செய்யும் இன்னொருவர் சொன்னது: எனக்கு நடந்தது வேறு மாதிரி. கம்பி வரிசை சரியாக இருந்தும் சுவிட்சில் இணைப்பு விளக்கே எரியவில்லை. இரண்டு பழைய 100 எம்பி சுவிட்சுகளைச் சாதாரண நேர் கேபிளால் இணைத்திருந்தேன். இரண்டும் ஒரே ஜோடியில் அனுப்பினால் கேட்பதற்கு ஆள் ஏது? ஒரு முனையை மட்டும் டி568ஏ என்ற இன்னொரு வரிசை ஆக்கினேன், அதாவது ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் இடம் மாற்றினேன், உடனே எரிந்தது. இப்போதைய சுவிட்சுகள் தாமாகவே மாற்றிக்கொள்கின்றன. இருந்தாலும் பழைய இடங்களுக்காக இப்படி ஒரு முனை மாறிய ஒரு கிராஸ் கேபிளை, இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி, பையில் வைத்திருக்கிறேன்.