வாளியோடு வாசலில் நின்ற காண்டால்ஃப்

இயன் மெக்கெல்லன் என்றால் நம்மில் பலருக்கு வெள்ளைத் தாடியும் கூம்புத் தொப்பியும்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் காண்டால்ஃப், எக்ஸ்மென் படங்களின் மேக்னீட்டோ, அவ்வளவுதான். சினிமா அவருக்கு இரண்டாவது வேலை என்பது 2007 ஜூலையில்தான் தெரிந்தது. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி உலகச் சுற்றுப்பயணத்தில் சிங்கப்பூருக்கு வந்து, எஸ்பிளனேட் அரங்கில் ஷேக்ஸ்பியரின் கிங் லியர், செக்காவின் சீகல் என்று இரண்டு நாடகங்களை மாற்றி மாற்றிப் போட்டது. லியர் அவர்தான். சீகலில் சோரின் என்ற சின்ன வேடத்தை, வில்லியம் காண்ட் என்ற இன்னொரு மூத்த நடிகரோடு பங்குபோட்டுக்கொண்டு செய்தார். இத்தனை பெரிய நடிகர் ஏன் ஓரத்து வேடத்தில் நிற்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. பதில் பிறகு கிடைத்தது.

லியருக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். மேல்மாடி, தூரத்து இருக்கை. முகம் கைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரிந்தது. பள்ளியில் ஷேக்ஸ்பியரைப் பரீட்சைக்கு மட்டும் படித்தவன் நான். பாதி வசனம் புரியவில்லை. ஆனால் நாடகத்தில் கோமாளியாக வரும் சில்வெஸ்டர் மெக்காயை இடைவேளைக்கு முன்னால் சிப்பாய்கள் தூக்கில் போட்டார்களே, அது யாருக்கும் புரிந்திருக்கும். மூலத்தில் அந்தக் கோமாளி பாதியில் காணாமல் போகிறான், ஏன் என்று ஷேக்ஸ்பியர் சொல்வதில்லை. இயக்குநர் ட்ரெவர் நன் அந்த இடைவெளியை இப்படி நிரப்பியிருந்தார். கடைசியில் மகளின் உடலைத் தூக்கிக்கொண்டு வரும் லியர், 'இந்தப் பொத்தானைக் கொஞ்சம் கழற்றிவிடுங்கள்' என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிறார். ஊரையே அதட்டிய ராஜா ஒரு பொத்தானுக்கு இன்னொருவர் கையை எதிர்பார்க்கிறார். மெக்கெல்லன் அதைச் சாதாரணமாக, சட்டை மாட்டும்போது கேட்பதுபோலக் கேட்டார். மேல்மாடிவரை கேட்டது.

அந்த வாரம் ஆபீசில் பேச்சு நாடகத்தைப் பற்றி இல்லை. உள்ளூர்த் தொலைக்காட்சியில் காலை நேரலைப் பேட்டி. பேட்டி முடிகிற நேரத்தில், இந்த ஊரில் நல்ல கே பார் எது, சொல்லுங்கள் என்று தொகுப்பாளர்களிடம் கேட்டுவிட்டார் மனிதர்! அவர்கள் திணறிப்போய்ப் பேட்டியை முடித்துவைத்தார்கள். அப்போது இங்கே 377ஏ பிரிவு அமலில் இருந்தது. ஆணும் ஆணும் உறவு கொள்வது குற்றம். அதே ஆண்டு அக்டோபரில் குற்றவியல் சட்டத்தைத் திருத்திய நாடாளுமன்றம் அந்தப் பிரிவை மட்டும் அப்படியே விட்டுவைத்தது. 2022 நவம்பரில்தான் அதை நீக்கினார்கள். 'வந்த இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா' என்று சீனியர் ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது. எனக்கு அது தைரியமாகத்தான் பட்டது, அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்புறம்தான் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். அவரும் 48 வயதுவரை தான் ஓரினச்சேர்க்கையாளர் என்று பொதுவெளியில் சொன்னவரில்லை. 1988இல் தாட்சர் அரசு செக்‌ஷன் 28 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. உள்ளாட்சி அமைப்புகள் ஓரினச்சேர்க்கையை 'ஊக்குவிக்க'க் கூடாது என்பது அதன் சாரம். பிபிசி ரேடியோ 3இல் அதைப் பற்றிய விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, நானும் அவர்களில் ஒருவன் என்று சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு, ஓரினச்சேர்க்கையாளர் உரிமைக்கான ஸ்டோன்வால் அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1991இல் சர் பட்டம் கிடைத்தது. பட்டம் வாங்கின கையோடு வாயை மூடிக்கொண்டவர் இல்லை என்பதை நாங்கள்தான் தொலைக்காட்சியில் பார்த்தோமே.

பிறந்தது 1939இல், வட இங்கிலாந்தின் பர்ன்லியில். வளர்ந்தது விகன், போல்டன் என்று ஆலைகளும் சுரங்கங்களுமான ஊர்களில். மூன்று வயதில் மான்செஸ்டரில் பீட்டர் பேன் நாடகத்துக்குக் கூட்டிப்போனார்கள். பன்னிரண்டு வயதில் அம்மா இறந்துவிட்டார். கேம்பிரிட்ஜில் படித்தாரே தவிர, நடிப்புப் பள்ளி எதற்கும் போகவில்லை. 1961இல் காவென்ட்ரியில் பெல்கிரேட் தியேட்டரில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தொழிலைக் கற்றுக்கொண்டார். 1969இல் இரண்டாம் ரிச்சர்ட், இரண்டாம் எட்வர்ட் என்று இரண்டு ராஜாக்களை ஒரே பருவத்தில் செய்து பேர் வாங்கினார். பேர் வந்த பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்த விஷயம். 1972இல் எட்வர்ட் பெதர்பிரிட்ஜோடு சேர்ந்து ஆக்டர்ஸ் கம்பெனி என்று ஒன்றைத் தொடங்கினார். எல்லோருக்கும் ஒரே சம்பளம். இன்று கதாநாயகனாக நடிப்பவர் நாளை தட்டு எடுத்துவரும் வேலைக்காரன். சோரின் வேடத்துக்கு அங்கேதான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சினிமா அவரைச் சீக்கிரம் சீண்டவில்லை. பிராட்வேயில் அமேடியஸ் நாடகத்தின் சாலியெரியாக நடித்து 1981இல் டோனி விருது வாங்கினார். அது 1984இல் படமானபோது அந்த வேடம் எஃப். முர்ரே ஆபிரகாமுக்குப் போனது, ஆஸ்கரும் அவருக்கே போனது. மெக்கெல்லனுக்கு ஆஸ்கர் பரிந்துரை முதலில் வந்தது காட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ் என்ற 1998ஆம் ஆண்டுப் படத்துக்கு. அப்போது அறுபதை நெருங்கிவிட்டார். உலகம் முழுக்க முகம் தெரிந்தது அதற்கும் பிறகுதான்.

2018இல் மறுபடியும் லியர், இந்த முறை லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில். கேமராவில் பிடித்து உலகெங்கும் சினிமா அரங்குகளில் காட்டினார்கள், இங்கேயும் வந்தது. முதல் காட்சியில் பிரிட்டன் வரைபடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி மகள்களுக்குக் கொடுக்கிறார். புயல் காட்சியில் மேடையில் நிஜமாகவே தண்ணீர் கொட்டுகிறது, 79 வயது மனிதர் அதில் நனைகிறார். 2007இல் நான் பார்த்தது ஒரு பெரிய ராஜாவின் வீழ்ச்சி. இதில் தெரிந்தது மறதி பிடிக்கத் தொடங்கும் ஒரு கிழவர், தனக்கு என்ன ஆகிறது என்று தனக்கே தெரிந்த கிழவர். என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான்.

நேரில் கிட்டத்தில் பார்த்தது 2019 டிசம்பரில். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஈஸ்ட்ஹாமில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். நாடகத்துக்குப் போகிறேன் என்றதும், 'யாரு, காண்டால்ஃபா? அந்தத் தாத்தா இன்னும் நடிக்கிறாராடா?' என்றாள் அக்கா. எண்பது வயதாவதையொட்டி அந்த ஆண்டு நாடு முழுவதும் எண்பது தியேட்டர்களில் தனி ஆளாக ஒரு நிகழ்ச்சி நடத்தினார். ஒவ்வோர் ஊரிலும் வசூல் அந்தந்தத் தியேட்டருக்கே. அதன் பிறகு லண்டன் ஹரால்ட் பின்ட்டர் தியேட்டரில் சில மாதங்கள். அங்கேதான் அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன்.

மேடையில் ஒரு பெட்டி, ஒரு மனிதர். முதலில் காண்டால்ஃப் பல்ரோக் என்ற தீப்பூதத்தை எதிர்க்கும் இடத்தைப் புத்தகத்திலிருந்து படித்தார். பெட்டியிலிருந்து படத்தில் வந்த வாளை எடுத்து, பார்வையாளர் ஒருவரை மேடைக்கு அழைத்துக் கையில் கொடுத்தார். அதோடு காண்டால்ஃப் கணக்கு தீர்ந்தது. இரண்டாம் பாதி முழுக்க ஷேக்ஸ்பியர். நாடகங்களின் பெயரை நாம் கத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதையோ வசனமோ அவரிடமிருந்து வரும். சிலவற்றுக்கு ஒரே ஒரு கிண்டல் வரி. 'மக்பெத்' என்று கத்தியது எங்கள் அக்காதான், அதை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நிகழ்ச்சி முடிந்து கூட்டம் வெளியே வருவதற்குள் அவர் வாசலுக்கு வந்துவிட்டார். கையில் வாளி. நாடகத் துறை அறக்கட்டளைகளுக்கு நிதி. இரண்டரை மணி நேரம் தனியாகப் பேசிய எண்பது வயதுக்காரர், போவோர் வருவோரிடம் எல்லாம் சிரித்தபடி நிற்கிறார். நான் நோட்டைப் போட்டேன். சிங்கப்பூரில் லியர் பார்த்தேன் என்று மட்டும் சொல்ல முடிந்தது, புருவத்தை உயர்த்தி நன்றி என்றார், பின்னாலிருந்து தள்ளினார்கள். அக்கா செல்ஃபி கேட்கலாம் என்றாள், வேண்டாம் என்று இழுத்துவந்தேன். இதற்கு அவள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

அவர் மறுபடி காண்டால்ஃபாக நடித்த ஹாபிட் படப்பிடிப்பில், குள்ளர்களோடு உயர வித்தியாசம் காட்டுவதற்காக அவரைப் பச்சைத் திரைக்கு முன் தனியாக நிறுத்தி, மற்ற நடிகர்களின் புகைப்படங்களைப் பார்த்துப் பேசச் சொன்னார்களாம். அழுதுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த வாசலில் பார்த்த பிறகு அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எதிரே ஆள் வேண்டும் அவருக்கு.

2024இல் லண்டனில் ஷேக்ஸ்பியரின் குண்டு வீரன் ஃபால்ஸ்டாஃபாக நடித்துக்கொண்டிருந்தபோது, ஜூன் 17 அன்று சண்டைக் காட்சியில் மேடையிலிருந்து கீழே விழுந்தார். வேடத்துக்காகக் கட்டியிருந்த தொந்தி உடைதான் பெரிய அடி படாமல் காப்பாற்றியது. அந்த நாடகத்துக்கு அவர் திரும்பவில்லை.

பார்க்காதவர்கள் 1976 மக்பெத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஜூடி டென்ச்சோடு ஒரு தகரக் கொட்டகைத் தியேட்டரில் போட்டது, பிறகு தொலைக்காட்சிக்காகப் படம் பிடித்தார்கள். 2016இல் ஷேக்ஸ்பியர் படங்களுக்காக மும்பைக்கு வந்து அமீர்கானோடு மேடையில் பேசினார். அங்கே போன நம்மவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், குறிப்பாக அன்று மேடையில் ஏதாவது நடித்துக் காட்டினாரா என்று.