கேரள லாட்டரிப் பரிசு: கைக்கு எவ்வளவு வரும்?

கேள்வி:
பாலக்காட்டில் தச்சு வேலை செய்யும் என் சித்தப்பாவுக்குக் கேரள அரசு லாட்டரியில் 10 லட்சம் ரூபாய் விழுந்திருக்கிறது. சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் மடிக்காமல் பத்திரப்படுத்தியிருக்கிறார். ஆண்டு வருமானம் குறைவு என்பதால் அவருக்கு வரி விலக்குக் கிடைக்குமா?

மறுமொழி 1:
கிடைக்காது. லாட்டரிப் பரிசுக்கு அடிப்படை வருமான வரம்பு பொருந்தாது. முதலில் சீட்டை விற்ற முகவருக்கான கமிஷன் 10 சதவீதம் கழியும். மீதமுள்ள 9 லட்சத்தில் 30 சதவீதமான 2,70,000 ரூபாயை வரியாகப் பிடித்துக்கொண்டு, 6,30,000 ரூபாயை வங்கிக் கணக்கில் செலுத்துவார்கள். அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் எனும் கூடுதல் வரியான 10,800 ரூபாயை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அவரே கட்ட வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதைத் தயவுசெய்து தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 2:
சீட்டின் பின்புறம் பெயர், முகவரி எழுதி இன்றே கையொப்பமிடட்டும். அதில் அச்சிட்டுள்ள கெடுவுக்குள் ஒப்படைக்காவிட்டால் பரிசு அரசுக்கே போய்விடும்.

கேட்டவர்:
நன்றி. தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை இருப்பதால், பணத்தை ஊருக்கு அனுப்பினால் சிக்கல் வருமா?

மறுமொழி 3:
வராது. 1998ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், பிற மாநிலச் சீட்டுகளின் விற்பனையைத் தன் எல்லைக்குள் தடுக்கும் உரிமையை மாநிலங்களுக்குத் தருகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் உள்ள தடை விற்பனைக்கானது; கேரளத்தில் முறையாக வாங்கிய சீட்டின் பரிசுப் பணத்துக்கு அல்ல.