இரு பேராறுகள் கூடும் கெய்ரோ ஏன் பெருநகரம் ஆகவில்லை?

பிடோக் வாசகர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சில வாரங்களாக அமெரிக்காவின் ஆறுகளைப் பற்றிப் படித்துவருகிறேன். ஒஹாயோ ஆறும் மிசிசிப்பி ஆறும் கூடும் முனையில், இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியில், கெய்ரோ என்ற சிற்றூர் இருக்கிறது. எகிப்தின் தலைநகருக்கு உரிய பெயர்தான் என்றாலும், ஊர்மக்கள் அதைக் ‘கேரோ’ என்றே சொல்கிறார்கள். 1818-ல் அங்கே நகரம் அமைக்க முனைந்தவர்களுக்கு அந்தத் தாழ்நிலம் நைல் ஆற்றின் கழிமுகத்தை நினைவூட்டியதாம். பக்கத்தில் தீப்ஸ், கார்நாக் என்னும் ஊர்களும் உண்டு. தென் இல்லினாய் வட்டாரத்தையே ‘சின்ன எகிப்து’ என்று அழைக்கிறார்கள்.

நிலப்படத்தைப் பார்க்கும் எவருக்கும் அந்த முனை ஒரு மாநகருக்கென்றே அமைந்ததாகத் தோன்றும். ஆனால் 1920 கணக்கெடுப்பில் 15,203 பேர் இருந்த ஊரில் 2020-ல் 1,733 பேரே எஞ்சியிருந்தார்கள். நான் குடியிருக்கும் பேட்டையில் சில வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளிலேயே அத்தனை பேர் இருப்பார்கள். கடல்வழிகள் சந்திக்கும் இடத்தில் இருந்ததால் சிங்கப்பூர் வளர்ந்தது என்று பள்ளியில் படித்தோம். அந்தக் காரணம் கெய்ரோவுக்கு ஏன் பலிக்கவில்லை? குறை நிலத்திலா, மனிதரிடத்திலா?

ஈசூன் வாசகர் (ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்) எழுதுகிறார்:

நல்ல கேள்வி, தம்பி. முதலில் நிலத்தைப் பார்ப்போம். கெய்ரோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 96 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இல்லினாய் மாநிலத்திலேயே தாழ்ந்த பகுதி அதுதான். அங்கிருந்து மெக்சிகோ வளைகுடாவை அடைய மிசிசிப்பி இன்னும் 1,500 கிலோமீட்டருக்குமேல் வளைந்து நெளிந்து ஓட வேண்டும். அவ்வளவு தொலைவுக்கு அவ்வளவு சிறிய இறக்கம் என்றால், பெருகிவரும் நீர் விரைந்து வடிய வழியில்லை என்பது புரியும். கூடுமிடத்தில் பெயர் மிசிசிப்பிக்குப் போனாலும், சராசரியாக மிகுதியான நீரைக் கொண்டுவருவது ஒஹாயோதான். ஒஹாயோ அப்பலாச்சிய மலைப்பகுதியின் குளிர்கால, இளவேனில் மழையால் பெருகும். வடக்கிலிருந்து வரும் மிசிசிப்பியோ பனியுருகலாலும் மழையாலும் பெருகும். இரண்டும் ஒரே சமயத்தில் பெருகினால் ஒன்றின் நீரை மற்றொன்று தடுத்து நிறுத்த, இடையில் உள்ள நாக்குப் போன்ற நிலத்தின் இருபுறமும் வெள்ளம் ஏறும்.

ஆகவே அந்த இடத்தில் ஊர் என்பதற்கு முன் கரை கட்டியாக வேண்டும். 1818-ல் தொடங்கிய முதல் முயற்சி விரைவிலேயே கலைந்தது. 1837-ல் டேரியஸ் ஹால்புரூக் தலைமையில் ஒரு நிறுவனம் கரையும் கப்பல்பட்டறையும் அமைத்தது. சில ஆண்டுகளில் அதுவும் நொடித்துப்போனது. 1842-ல் அவ்வழியே பயணம் செய்த சார்லஸ் டிக்கன்ஸ் அந்த இடத்தைச் சேறும் காய்ச்சலும் நிறைந்த பாழ்நிலமாகக் கண்டு மிகக் கடுமையாக எழுதினார். 1850-களில் இல்லினாய் சென்ட்ரல் இரயில்பாதை வந்து சேர்ந்த பிறகே ஊர் வேர்பிடித்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போர்தான் அதன் உச்சகாலம் என்பது என் கருத்து. 1861 செப்டம்பரில் வடதரப்புத் தளபதி யூலிசிஸ் கிராண்ட் அங்கே தலைமையிடம் அமைத்தார். 1862 பிப்ரவரியில் தென்தரப்பின் ஹென்றி, டானல்சன் கோட்டைகளை நோக்கிப் படையும் பீரங்கிப் படகுகளும் கெய்ரோவிலிருந்தே புறப்பட்டன. அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் அங்கே தஞ்சம் புகுந்தார்கள். பின்னாளைய வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தியை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பாசிர் பாஞ்சாங் வாசகர் எழுதுகிறார்:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு, துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வழிகள் சந்திப்பதால் மட்டும் ஊருக்கு வருமானம் வந்துவிடாது. சரக்கை இறக்கி ஏற்றும்போதுதான் கூலியும் கிடங்கும் கடையும் வரும். ஒஹாயோவில் வரும் நீராவிப் படகு கெய்ரோவில் நிற்காமலேயே மிசிசிப்பிக்குள் திரும்பிவிடலாம். அதே ஒஹாயோவின் மேற்பகுதியில் லூயிவில் நகருக்கு அருகே ஆற்றில் பாறைத்தொடர் குறுக்கிட்டதால், 1830-ல் கால்வாய் திறக்கும்வரை பெரும்பாலான படகுகள் அங்கே சரக்கை இறக்க வேண்டியிருந்தது. அந்த ஊர் வளர்ந்தது.

கெய்ரோவில் நிற்கவேண்டிய கட்டாயம் இரயிலுக்குத்தான் இருந்தது. ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லாததால் பயணிகளும் சரக்கும் படகுக்கு மாறினர். பிறகு இரயில்பெட்டிகளையே பெரிய படகில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். 1889-ல் ஒஹாயோவின்மேல் இரயில்பாலம் திறந்ததும் அந்த வேலை போயிற்று. 1905-ல் தீப்ஸில் மிசிசிப்பியின்மேல் வேறொரு இரயில்பாலம் வந்தது. இன்றும் தானியமும் நிலக்கரியும் ஏற்றிய மிதவைகள் தொகுதி தொகுதியாக அந்த முனையைக் கடக்கின்றன; ஊருக்குக் கிடைப்பது சொற்பம்.

நம் சிங்கப்பூர் ஆற்றுக்கும் இது நேர்ந்தது. தொடக்ககாலத்தில் ஆற்றங்கரையான போட் கீயில் தொங்கான் என்ற சரக்குப் படகு ஓட்டியவர்களில், தமிழ் முஸ்லிம்களான நம் சூலியா மக்கள் பெரும்பங்கு வகித்தார்கள். 1972-ல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறந்தது. 1983-ல் தொங்கான்கள் ஆற்றைவிட்டு எங்கள் பாசிர் பாஞ்சாங் பக்கம் மாற்றப்பட்டன. ஆற்றங்கரை வேலை போனாலும், அதே தீவில் வேறு துறைமுகமும் வேறு வேலையும் இருந்தன. கெய்ரோவுக்கு அந்த மாற்று வாய்க்கவில்லை.

உட்லண்ட்ஸ் வாசகர் எழுதுகிறார்:

நான் தென் இல்லினாயில் உள்ள கார்பண்டேல் நகரில் படித்த காலத்தில் இருமுறை கெய்ரோவுக்குப் போயிருக்கிறேன். வடக்கிலிருந்து நுழையும் சாலையில், வெள்ளக்காலத்தில் இறக்கி வழியை அடைப்பதற்காக ஒரு பெரிய இரும்புக் கதவு மேலே தொங்குகிறது. அதைத் தாண்டிப் போனால் 1872-ல் கட்டிமுடித்த சுங்க மாளிகையும், மக்னோலியா மேனர் என்ற செங்கல் மாளிகையும் கம்பீரமாக நிற்கின்றன. கடைத்தெருவான காமர்ஷியல் அவென்யூவிலோ கூரை விழுந்த கட்டடங்களும் வெற்றுமனைகளும்தான் இருந்தன. அது வெள்ளம் அழித்த தெரு அல்ல. கரைகள் பெருவெள்ளங்களிலும் அந்த ஊரைக் காப்பாற்றியிருக்கின்றன.

1909-ல் வில் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஆயிரக்கணக்கானோர் கூடிநின்று கொன்றார்கள். 1960-களில், கறுப்பினக் குழந்தைகளையும் பொது நீச்சல்குளத்தில் சேர்க்கவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது குளத்தையே மூடினார்கள். பின்னர் அதைச் சிமெண்டு கொட்டி நிரப்பினார்கள். 1967-ல் விடுப்பில் இருந்த 19 வயதுக் கறுப்பினப் படைவீரர் காவல்நிலைய அறையில் இறந்துகிடந்தார். தற்கொலை என்ற அதிகாரிகளின் விளக்கத்தைக் கறுப்பின மக்கள் ஏற்கவில்லை, கலவரம் மூண்டது. 1969-ல், தங்களுக்கு வேலை தர மறுத்த கடைகளைப் புறக்கணிக்கும் போராட்டத்தை அவர்கள் தொடங்கினார்கள். அது ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஒரு கறுப்பினப் பணியாளரை அமர்த்துவதைவிடக் கடையை மூடுவதே மேல் என்று வணிகர் பலர் முடிவெடுத்ததுதான் எனக்கு மிகவும் வேதனை தருகிறது. 1960-ல் 9,348 ஆக இருந்த மக்கள்தொகை 1970-ல் 6,277 ஆகக் குறைந்தது. பாலங்கள் பறித்ததை மறுபடி ஈட்டியிருக்கலாம். சொந்த ஊர்க்காரரில் ஒரு பகுதியினரோடு எதையும் பகிரமாட்டோம் என்று முடிவெடுத்த பிறகு ஈட்டுவதற்கு யார் இருந்தார்கள்? 1986-ல் மருத்துவமனை மூடியது. பழுதடைந்த இரண்டு பொதுக்குடியிருப்புகளைக் காலிசெய்யப்போவதாக 2017-ல் அரசு அறிவித்தபோது, நூற்றுக்கணக்கானோர் வெளியேற நேர்ந்தது.

பிடோக் வாசகர்:

மூவருக்கும் நன்றி. ஆற்றைப் பற்றிக் கேட்ட எனக்கு நீச்சல்குளத்தைப் பற்றி அறிய நேரும் என்று எதிர்பார்க்கவில்லை. இன்னும் ஒரு ஐயம். 2011-ல் அந்த ஊரைக் காப்பாற்ற எதிர்க்கரையை வெடிவைத்துத் தகர்த்தார்கள் என்று ஒரு வரி படித்தேன். அது உண்மையா?

ஈசூன் வாசகர்:

உண்மைதான். 1927-ல் மிசிசிப்பியில் ஏற்பட்ட பெருவெள்ளத்திற்குப் பின், 1928 சட்டத்தின்படி மிசூரிக் கரையில் ஒரு வெள்ளப் போக்கி வகுக்கப்பட்டது. கெய்ரோவில் நீர் அளவுமீறி ஏறினால் எதிரே பேர்ட்ஸ் பாயின்ட் கரையை உடைத்து, வயல்களில் நீரைப் பரவவிட வேண்டும் என்பது ஏற்பாடு. 1937-ல் ஒருமுறை அப்படி உடைத்தார்கள். 2011-ல் நீர் 61 அடியைக் கடந்தது. வெள்ளச்சுவர் தாங்கும் அளவு 64 அடி. கரைக்கு அடியில் கசிந்த நீர் ஊருக்குள் மணலோடு பொங்கி எழுந்ததால், கரை அடியோடு பெயர்ந்துவிடுமோ என்ற அச்சம் இருந்தது. மிசூரி மாநிலம் உச்சநீதிமன்றம்வரை போயும் தடை கிடைக்கவில்லை. மே 2 இரவு இராணுவப் பொறியாளர்கள் கரையைத் தகர்த்தார்கள். ஏறத்தாழ 1,30,000 ஏக்கர் நிலம் மூழ்கியது. கெய்ரோவில் நீர் இறங்கியது.

அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். எனினும், மூழ்கிய நிலத்தில் பின்ஹூக் என்ற கறுப்பின உழவர்களின் சிற்றூர் இருந்தது. மேட்டுநிலம் வாங்க இயலாத அவர்களுடைய முன்னோர், வெள்ளப் போக்கிக்குள் கிடைத்த நிலத்தையே வாங்கித் திருத்தியிருந்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு பின்ஹூக் அந்த இடத்தில் மறுபடி எழவில்லை.