நெட்டையனும் குள்ளனும் ஒரே மேசையில்: போன் கமராவில எடுக்க ஏலுமா?

வாவிக்கரையான்:
கல்லடியில ஒரு வீட்டு விறாந்தையில குறும்படம் எடுக்கிறம். ‘த பெலோஷிப் ஒஃப் த ரிங்’ (2001) படத்தில குள்ளன் பில்போட வீட்டு மேசையில நெட்டை மந்திரவாதி கண்டால்ஃப் வந்து இருக்கிற கட்டம் மாதிரி ஒண்டு வேணும். நம்மட நடிகர்கள் ரெண்டு பேரும் 5 அடி 6 அங்குலம். பச்சைத் துணி, கணினி வேலை ஒண்டும் வேணாம். ஒராளை முன்னுக்கும் மத்தாளைப் பின்னுக்கும் இருத்திப் பார்த்தாச்சு. பின்னுக்கு இருக்கிறவர் தூரத்து ஆளாத்தான் தெரியிறார், குள்ளனாத் தெரியல்ல. எங்க பிழைக்குது?

புளொக்கல்:
மேசையிலதான். ஒரே மேசையைப் போட்டா அது தூரத்தைக் காட்டிக் குடுத்திடும். ரெண்டு மேசை வேணும், கமராவுக்கு மட்டும் ஒண்டாத் தெரியணும்.

கணக்கு இதுதான்: நெட்டையன் கமராவிலிருந்து 2 மீற்றர், குள்ளன் 3 மீற்றர். அப்ப குள்ளன் மூண்டில ரெண்டு பங்கு, அதாவது 3 அடி 8 அங்குல ஆளாத் தெரிவார். லென்ஸ் நிலத்திலிருந்து சரியா 1 மீற்றர் உயரத்தில இருக்கட்டும். பின்மேசை சாதாரண அளவு: உயரம் 75 செ.மீ, அகலம் 90. முன்மேசை அதில மூண்டில ரெண்டு: உயரம் 50, அகலம் 60. கதிரையும் அப்படித்தான், பின்னுக்கு 45 எண்டா முன்னுக்கு 30 செ.மீ முக்காலி. கோப்பை, பீங்கான் எல்லாம் முன்னுக்குச் சின்னன், பின்னுக்குப் பெரிசு.

எல்லாரும் விடுற இடம் இனித்தான். முன்பக்க நிலத்தைக் கமரா உயரத்தில மூண்டில ஒரு பங்கு, 33 செ.மீ, உயர்த்தணும். இல்லாட்டி ரெண்டு மேசையின்ட மேற்பரப்பும் ஒரு காலமும் சேராது. 4 அங்குல புளொக் கல்லைப் படுக்கவெச்சி மூண்டு அடுக்கு, மேல ஒரு அங்குலப் பலகை: 13 அங்குலம், கணக்குச் சரி. பலகை ஆடாமப் பாருங்க, நெட்டையன் அதுக்கு மேலதான் இருக்கப் போறார்.

விரிப்பு கோடு, பூ இல்லாத வெள்ளைத் துணி, நிலம் தொடத் தொங்கட்டும். மேசை சேருற இடத்தில ஒரு பனையோலைப் பெட்டி, இல்லாட்டி வாழைப்பழச் சீப்பு.

அக்கரைப்பற்று நானா:
மேல சொன்னது சரி. போன்ல கெடுக்கிற விசயங்களையும் பாருங்க. போர்ட்ரெயிட், சினிமாட்டிக் எண்ட ரெண்டு மோட்டையும் நிப்பாட்டணும், அதுகள் பின்னுக்கு இருக்கிறவரை மங்கலாக்கிப் போடும். 1x லென்ஸைப் போட்டு, ரெண்டு பேருக்கும் நடுவில, 2.4 மீற்றர் தூரத்தில ஒரு பொருளை வெச்சி, திரையில விரலை அழுத்திப் பிடிச்சி ஃபோக்கஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்க. பெரிய கமரா எண்டா 24 மி.மீ லென்ஸ், துவாரம் (அப்பெர்ச்சர்) எஃப் 11.

வெளிச்சம் முன்னாலிருந்து ஒரு பல்ப்பில வந்தா பின்னாள் இருண்டிருவார். கிழக்குப் பார்த்த விறாந்தையா? அப்ப பின்நேரம், வெயில் கூரைக்கு அங்கால போன பிறகு எடுங்க. நிழல் மென்மையா, ரெண்டு பேருக்கும் ஒரே அளவா விழும். கச்சான் காத்து அடிக்கிற நாள் வேணாம், முன்துணி ஆடி பின்துணி ஆடாட்டி குட்டு வெளிச்சிரும்.

குரலும் பார்க்கணும். போன் மைக்கில குள்ளன்ட சத்தம் தூரத்திலிருந்து கேட்கும். ரெண்டு பேருக்கும் சட்டையில தனித்தனி மைக்.

வாவிக்கரையான்:
பெரிய உபகாரம். ரெண்டு பேரும் ஒராளை ஒராள் பார்த்துத்தானே கதைக்கிறது? கமராவைக் கொஞ்சம் நகர்த்தலாமா?

கிம்லிட கோடரி:
ஒராளை ஒராள் பார்த்தா கெட்டது. நெட்டையன் பின்னுக்குத் திரும்புவார், குள்ளன் முன்னுக்குப் பார்ப்பார், படத்தில ரெண்டு பேரும் ஆளை விட்டிட்டு வேற எங்கயோ பார்க்கிற மாதிரி விழும். ஒவ்வொருத்தரும் நேரே பக்கவாட்டில, தன்ட ஆழத்திலேயே பார்க்கணும். குள்ளனுக்கு நிலத்திலிருந்து ஏறத்தாழ 1.5 மீற்றர் உயரத்தில சட்டத்துக்கு வெளிய ஒரு தடியில கடதாசித் துண்டு; நெட்டையனுக்கு 1.1 மீற்றரில. கடைசி அங்குலத்தைத் திரையைப் பார்த்துச் சரி பண்ணுங்க.

நகர்த்த ஏலாது. கமரா ஒரு சாண் அசைஞ்சாலும் மேசை ரெண்டாப் பிளந்திடும். அந்தப் படத்தில கமரா நகரும்போது கணினி ஒரு நடிகரையும் அவர்ட மேசைத் துண்டையும் கூடவே நகர்த்தினது. உங்களுக்கு இடம் வலம் திருப்ப மட்டும் ஏலும், அதுவும் லென்ஸ், கமரா வெச்ச முக்காலியின்ட அச்சுக்கு நேர் மேல இருந்தா.

கோப்பையைக் கை மாத்துற கட்டம் வேணுமெண்டா வெட்டி எடுங்க: குள்ளன்ட தோளுக்குப் பின்னாலிருந்து, ஒரு பள்ளிப் பொடியனைப் பதிலியா வெச்சி. அங்கயும் பெரும்பாலும் இந்த வழிதான், ஹொபிட்டுகளுக்கு (பில்போட குள்ள இனம்) 4 அடி அளவுப் பதிலிகள் இருந்தாங்க. பில்போட வீட்டையே ரெண்டு அளவில கட்டினாங்க. ஹொபிட்டுகளை விடக் கொஞ்சம் உயரமான குள்ளன் கிம்லியா நடிச்ச ஜோன் றைஸ் டேவிஸ் 6 அடிக்கு மேல, அதால ஹொபிட்டுகளோட அவரைச் சேர்த்து எடுக்கிறதுக்கு எந்தத் தந்திரமும் தேவைப்படல்ல, எல்லாரும் ஒரே விகிதத்தில சுருங்கினவங்க. உங்கட கதையில ரெண்டாவது குள்ளன் வந்தா உயரமான ஆளாப் பார்த்துப் பிடியுங்க.