ரைபோசோம் தொடக்கப் புள்ளியை எவ்வாறு கண்டறிகிறது?

ஈசூன் மாணவி:
வணக்கம். தொடக்கக் கல்லூரியில் உயிரியல் பயில்கிறேன். ஏயூஜி என்ற தொடக்கக் கோடான் (மூன்றெழுத்துக் குறியீடு), புரதத்துக்கான செய்தியை ஏந்தும் தூது ஆர்.என்.ஏ.வின் நடுவிலும் பல இடங்களில் வருகிறதே. புரத உற்பத்தியை எங்கே தொடங்குவது என்பதை, செல்லில் புரதத்தை உருவாக்கும் ரைபோசோம் எவ்வாறு அறிகிறது?

புவன விஸ்தா ஆய்வாளர்:
மனித செல்களில், ரைபோசோமின் சிறிய துணை அலகு மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் தொடக்கக் கடத்து ஆர்.என்.ஏ.வை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு, தூது ஆர்.என்.ஏ.வின் 5' முனையில் (முன்முனை) உள்ள தொப்பி என்ற வேதி அமைப்பருகே அமர்ந்து, 3' முனையை நோக்கி வரிசையைத் துழாவியபடி நகர்கிறது. பெரும்பாலும் முதலில் எதிர்ப்படும் ஏயூஜியே தொடக்கமாகிறது. அங்கே கடத்து ஆர்.என்.ஏ.வின் எதிர்க்கோடான் (கோடானுடன் இணைசேரும் மூன்றெழுத்துப் பகுதி) பொருந்தியபின், தொடக்கக் காரணிகள் என்ற உதவிப் புரதங்கள் விலக, பெரிய துணை அலகு வந்து இணைகிறது. ஆனால், ஏயூஜிக்கு மூன்று இடம் முன்னால் ஏ அல்லது ஜி-யும், ஏயூஜிக்கு அடுத்து வரும் இடத்தில் ஜி-யும் இல்லாவிட்டால், அலகு அதைத் தாண்டிச் சென்றுவிடக்கூடும். இதைத் தெளிவுபடுத்தியவர் ஆய்வாளர் மேரிலின் கோசாக்.

தெம்பனிஸ் ஆசிரியர்:
பாக்டீரியாவை இதனுடன் குழப்பிக்கொள்ளாதீர்கள், தேர்வில் பலர் சறுக்கும் இடம் இதுதான். அங்கு இத்தகைய தொப்பி கிடையாது. ஏயூஜிக்குச் சற்று முன்னுள்ள ஷைன்-டல்கார்னோ வரிசை, சிறிய அலகிலுள்ள 16எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுடன் இணைசேர்ந்து அந்த அலகை நேரே உரிய இடத்தில் நிறுத்துகிறது.

ஈசூன் மாணவி:
நன்றி ஐயா. போலியோ வைரஸின் ஆர்.என்.ஏ.விலும் தொப்பி இல்லையே?

புவன விஸ்தா ஆய்வாளர்:
இல்லைதான். அதன் முன்பகுதியில் சிக்கலாக மடிந்துள்ள ஒரு பகுதி, ரைபோசோமை இடையிலேயே ஏற்றிக்கொள்கிறது. 1988இல் இது கண்டறியப்பட்டது.