கம்பு முறுக்கு பாக்கெட் ஒரே மாசத்துல கசக்குது, என்ன பண்றது?

தேங்குழல்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. ஈரோடு பக்கம் வீட்டுலயே கம்பு முறுக்கு, தினை லட்டு போட்டு ரெண்டு வருஷமா வித்துட்டு இருக்கேன். ஆர்டர் வந்தா சுட்டு குடுக்கறது, அதுல ஒரு குறையும் வந்ததில்ல. இப்ப ஆறு கடைக்கு பாக்கெட்டா போட ஆரம்பிச்சேன், போன வாரம் ஒரு கடையில 18 பாக்கெட்ட திருப்பி குடுத்துட்டாங்க. பிரிச்சு ஒண்ண கடிச்சு பாத்தேன், மொறுமொறுப்பு அப்படியே இருக்கு ஆனா முழுங்குனதுக்கப்புறம் தொண்டையில ஒரு கசப்பு, சிக்கு வாடை வேற. எண்ணெய் புதுசு, செக்குல ஆட்டுன கடலெண்ணெய்தான். பிரிசர்வேட்டிவ் போடக்கூடாதுன்னுதான் இந்த தொழிலுக்கே வந்தேன், அத விட மனசு வரல. லேபிள் போட்டோவும் போட்டிருக்கேன் பாருங்க.

மாவுமில்:
அக்கா எண்ணெய விடுங்க, மாவு எப்ப அரைச்சீங்க? கம்புல அரிசிய விட கொழுப்பு ஜாஸ்தி, அரைச்ச உடனே அதுலயே இருக்கற லிபேஸ்ங்கற என்சைம் அந்த கொழுப்ப உடைக்க ஆரம்பிச்சிடும், கம்பு மாவு சீக்கிரம் கசக்கறதே அதனாலதான். நானும் மாசத்துக்கு மொத்தமா அரைச்சு வெச்சு ரெண்டு மூட்டைய மாட்டுக்கு போட்டவன். இப்ப முழு கம்ப கொதிக்கற தண்ணியில அரை நிமிஷம் போட்டு எடுத்து, உடனே பச்சத்தண்ணியில அலசி காயவெச்சு அரைக்கறேன், அந்த சூட்டுல என்சைம் செத்துடும். காயறதுலதான் பொறுமை வேணும், பல்லுல வெச்சா டக்குனு உடையணும், நசுங்குனா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். அரைச்ச ரெண்டு நாளுக்குள்ள சுட்டுடுங்க.

பாக்கெட்_ராசா:
போட்டோல கவர் கண்ணாடி மாதிரி தெரியுது, அது கடையில டியூப்லைட்டுக்கு கீழ தொங்குனா எண்ணெய் கெடத்தான் செய்யும். உள்பக்கம் வெள்ளி கலர்ல இருக்கற மெட்டலைஸ்டு பவுச் வாங்கி நைட்ரஜன் அடைங்க, அது பிரிசர்வேட்டிவ் இல்லீங்க, நாம மூச்சு விடற காத்துலயே 78 சதவீதம் அதுதான். முறுக்கு நல்லா ஆறுன பிறகு அடைங்க, சூட்டோட அடைச்சா உள்ள வேர்த்து நமத்துடும். தேதிய குத்துமதிப்பா போடாதீங்க, ஒவ்வொரு பேட்ச்லயும் பத்து பாக்கெட் எடுத்து வெச்சு வாரத்துக்கு ஒண்ணு பிரிச்சு தின்னு எழுதி வைங்க. இந்த மாதிரி சந்தேகத்துக்கு தஞ்சாவூர் நிஃப்டெம்ல போய் கேக்கலாம், மத்திய அரசோட உணவு தொழில்நுட்ப நிறுவனம் அது, உணவு பதப்படுத்தற படிப்பே அங்க நடக்குது.

வெல்லக்கட்டி:
அம்மா, கோவிச்சுக்காதீங்க, எனக்கு லட்டு லேபிள்தான் உறுத்துது. வெல்லம் போட்டுட்டு 'சுகர் ஃப்ரீ'ன்னு அடிச்சிருக்கீங்க. 100 கிராம்ல அரை கிராமுக்கு மேல சர்க்கரை இருந்தாலே அந்த வார்த்தைய போடக்கூடாதுன்னு உணவு பாதுகாப்ப பாத்துக்கற மத்திய அரசு அமைப்பு எஃப்எஸ்எஸ்ஏஐ 2018லயே விதி போட்டிருக்கு, வெல்லமும் ரத்தத்துல சர்க்கரைய ஏத்தும். எங்கப்பா சுகர்காரர், இப்படி ஒரு பாக்கெட்ட நம்பி தினம் ரெண்டு லட்டு தின்னுட்டு இருந்தார், டெஸ்ட் எடுத்தப்பதான் தெரிஞ்சுது. 'வெல்லம் சேர்த்தது'ன்னு நேராவே போடுங்க, வாங்கறவங்க வாங்குவாங்க. முறுக்குல 'மைதா இல்லை'ன்னு போட்டிருக்கறதும் வேண்டாமே, கம்பு முறுக்குல எதுக்குங்க மைதா பேச்சு? அந்த இடத்துல கம்பு எத்தனை சதவீதம், அரிசி எத்தனைன்னு போட்டா அதுதான் உங்க சரக்குக்கு மதிப்பு.

தேங்குழல்:
மாவு அரைச்சு 12 நாள் ஆனது தம்பி, இப்பதான் கணக்கு போட்டு பாக்கறேன். வெல்லக்கட்டி, உங்கப்பா கதைய படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு, எனக்கு நிஜமாவே தெரியாதுங்க, ஆறு கடைக்கும் போன் பண்ணி லட்டு பாக்கெட்ட பூரா எடுத்து வைக்க சொல்லிட்டேன், நாளைக்கு நானே போய் வாங்கிட்டு வந்துடுவேன். கம்பு ரெண்டு கிலோ நீங்க சொன்ன மாதிரி பண்ணி பாக்கறேன், வெயில் இல்லேன்னா எதுல காயவெக்கறீங்க மாவுமில் தம்பி?