மறு: எத்னோசென்ட்ரிசம் – ‘இனமையவாதம்’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

தன் கூட்டத்தின் வழக்கத்தையே அளவுகோலாக வைத்து மற்றவர்களை எடைபோடும் போக்குதான் எத்னோசென்ட்ரிசம் (ethnocentrism). நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘இனமையவாதம்’ கட்டுரைகளில் ஏற்கெனவே புழங்குகிறது. இன்னொன்று எதற்கு?

காட்பாடி ஐயா கேட்டது நியாயம்தான். புழங்கும் சொல்லைத் தள்ளிவிட்டுப் புதிது புனைய எனக்கும் ஆசையில்லை. ஆனால் இந்தச் சொல்லோடு வகுப்பில் நின்றால் பிள்ளைகள் உடனே, “இனவெறியத்தானே சார் சொல்றீங்கோ?” என்கிறார்கள். ‘இன’மும் ‘வாத’மும் சேர்ந்தால் காது அங்கேதான் போகும். இலங்கைத் தமிழர்களுக்கோ ‘இனவாதம்’ என்றாலே அதற்குப் பின்னால் பெரியதொரு வரலாறு நிற்கிறது.

முதலில் ‘வாத’த்தைப் பார்ப்போம். பகுத்தறிவுவாதி தன் கொள்கையை அறிந்து ஏற்றவர். மேடையில் கேட்டால் ஆமாம் என்பார். எத்னோசென்ட்ரிசத்தை அப்படி ஏற்றவர் எவரும் இல்லை. தன்னிடம் அது இருப்பதே தெரியாமல் இருப்பதுதான் அதன் குணம். (முடக்குவாதத்தோடு சேர்த்து வைத்தியரிடம் அனுப்பிவிடலாம் என்று ஆம்பூர் நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். ரசித்தேன்.)

அடுத்து ‘மையம்’. 1906இல் ‘எத்னோசென்ட்ரிசம்’ என்ற சொல்லைப் பரவலாக்கியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கிரஹாம் சம்னர். அவர் தந்த விளக்கத்தில் இரண்டு கூறு உண்டு. தன் குழுவே எல்லாவற்றுக்கும் நடு என்பது ஒன்று. மற்றவர்களை அதை வைத்தே அளந்து தரம் பிரிப்பது இன்னொன்று. நாம் நடுவை எடுத்துக்கொண்டு அளப்பதை விட்டுவிட்டோம். வம்பெல்லாம் அளப்பதில்தான் இருக்கிறது.

நம் வேலூர்க் கோட்டையையே பாருங்கள். 1806 ஜூலை 10இல் சிப்பாய்கள் எழுவதற்கு முந்தைய மாதங்களில், சென்னைப் படைத்தளபதி சர் ஜான் கிரடாக் காலத்து உத்தரவுகள் வந்தன: அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். இந்துவுக்கு நாமமும் திருநீறும் போயின, முஸ்லிமுக்குத் தாடி போயிற்று, தோல் இருவருக்கும் பொது. உத்தரவு எழுதியவர்கள் சிப்பாயைச் சீண்ட வேண்டுமென்று உட்கார்ந்து எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. பட்டாளத்தான் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று அவர்கள் மனதில் ஒரு உருவம் இருந்தது. அது தங்கள் ஊர் உருவம் என்பது உறைக்கவில்லை. ரத்தம் சிந்திய பிறகு உத்தரவுகள் திரும்பப் பெறப்பட்டன; 1807இல் கிரடாக்கையும் கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் பதவியிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கிளர்ச்சிக்கு உடை மட்டும்தான் காரணமா, கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகளுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பது தனி வாதம், இந்த இழைக்கு வேண்டாம்.

வெள்ளைக்காரனைச் சொல்வது சுலபம். ஜவ்வாது மலைக்கு வாருங்கள். அங்குள்ள ‘மலையாளி’ (மலையில் வாழ்பவர், கேரளத்தார் அல்ல) பழங்குடியினர் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குப் பரியம் கொடுப்பது வழக்கம். கீழ்நாட்டில் இருக்கும் நாம் அதைக் கேட்டதும், “பொண்ணை வெலைக்கு வாங்குறாங்க” என்கிறோம். சொல்பவர் வீட்டுக் கல்யாணத்தில் நகையும் வண்டியும் எந்தத் திசையில் போயின என்று கேட்டுவிடாதீர்கள். 1961லேயே தடைச் சட்டம் வந்த பழக்கம் நமக்குச் ‘சீர்’, அவர்களுடையது ‘விலை’.

இங்கேதான் ‘இனம்’ முற்றிலும் காலை வாருகிறது. அந்த மலை மக்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகக் கதை சொல்பவர்கள். அவர்களையும் நம்மையும் எந்த ‘இன’ எல்லை பிரிக்கிறது? எல்லை வழக்கத்தில்தான் இருக்கிறது.

பழைய இலக்கியத்திலும் இது உண்டு. முல்லைப்பாட்டின் பாசறையில் பணி செய்யும் அயல்நாட்டாரான மிலேச்சர் ‘உடம்பின் உரைக்கும் உரையா நாவின்’ ஆட்கள், அதாவது உடம்பால் பேசும், பேசாத நாக்குடையவர்கள். தமிழ் வராததால் சைகை காட்டியிருப்பார்கள். புலவர் கணக்கில் அது பேசாத நாக்கு. கிரேக்கர்களும் தங்கள் மொழி பேசாதவர்களை ‘பார்பரோஸ்’, அதாவது ‘பர்-பர்’ என்று உளறுகிறவர்கள் என்றே அழைத்தார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: தம்மரபளவை. தம் + மரபு + அளவை.

> ‘தன்னளவை’ இன்னும் சுருக்கமாக இருக்குமே?

இருக்கும். ஆனால் ‘தன்னளவில்’ என்ற வழக்கு ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறது, ஈறு மாறினால் அதுவாகிவிடும். மேலும் ‘தன்’ என்றால் ஒரு ஆளின் தற்பெருமை. இது கூட்டத்தோடு வருவது, ‘தம்’தான் பொருந்தும். ‘தம்படி’ என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். படி அளக்கும் பாத்திரம்தான், சரி. ஆனால் தம்படி என்பது பழைய சில்லறைக் காசின் பெயரும்கூட. பழைய ஆட்கள் அதைக் கேட்டால் பாக்கெட்டில் காசு தேடுவார்கள்.

‘மரபு’ என்றால் மரபணு நினைவுக்கு வருகிறது என்ற உயிரியல் ஆசிரியரின் கவலை எனக்குப் பெரிதாகப் படவில்லை. மரபுக்கவிதையும் மரபணுவும் இத்தனை நாள் மோதிக்கொள்ளாமல்தானே இருக்கின்றன? ‘வழக்கு’ என்று போட்டால்தான் ஆபத்து. சத்துவாச்சாரி கோர்ட் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

எல்லா அளவையும் தப்பு என்றால் கொடுமையைக் கொடுமை என்று சொல்லக் கூடாதா என்று குடியாத்தம் அம்மா கேட்டிருந்தார். சொல்லலாம் அம்மா. எந்தக் கோலால் அளந்தேன், அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு சொன்னால் அது தம்மரபளவை ஆகாது. அந்த வேறுபாட்டையும் விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுவோம். மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் வழி வந்த ‘பண்பாட்டுச் சார்பியம்’ (ஒரு பண்பாட்டை அதன் உள்ளிருந்தே புரிந்துகொள்ள வேண்டும் என்பது) வேறு பதிவாக இருக்கட்டும். இதற்கு நேர் எதிர்ச்சொல்லாக அதைக் கட்டிவைக்க வேண்டாம்.

பெயரடை ‘தம்மரபளவைப் பார்வை’ என்று தடையில்லாமல் வருகிறது. ஆளைக் குறிக்கத்தான் இடிக்கிறது. ‘அளவை’க்குத் தர்க்கம் என்ற பொருளும் இருப்பதால், ‘தம்மரபளவையர்’ என்றால் ஏதோ தர்க்கப் பள்ளியைச் சேர்ந்தவர் போல ஒலிக்கிறது. ‘தம்மரபால் அளப்பவர்’ என்று விரித்தே எழுதிவிடலாமா? பட்டியலுக்கு அனுப்புமுன் இதை மட்டும் யாராவது தீர்த்துவையுங்கள்.

வேலூரிலிருந்து,
உங்கள் பழைய தொல்லை